புளியங்காட்டில் புளி சேராத நாள்

திண்டிவனத்தில் என் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் ஓர் அகத்தி மரம் இருந்தது. ஏகாதசிக்கு மறுநாள், இருட்டு பிரியும் முன்பே, அவர் தொரட்டியை எடுத்துக்கொண்டு அதன் அடியில் போய் நிற்பார். இழுத்துப் போட்ட கிளையை முறத்தில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தால், ஈர்க்கிலிருந்து இலையை உருவும் சரக் சரக் என்ற சத்தம்தான் எங்களை எழுப்பும். அகத்தி லேசில் வேகாது. பொடியாக அரிந்து, அரிசி களைந்த தண்ணீரில் போட்டு, சட்டியை மூடாமலே வேகவிடுவார். மூடினால் கைப்பு உள்ளேயே தங்கிவிடும் என்பது அவர் கணக்கு. ஊறிய பாசிப்பருப்பு பாதி வேக்காட்டில் சேரும். தேங்காய்த் துருவல் இறக்கும்போது. பக்கத்து அடுப்பில் மோர்க்குழம்பு. நெல்லிக்காயை அரைத்துத் தயிரில் கலந்த பச்சடி. நெய்யில் வறுத்த சுண்டைக்காய். அன்று அலமாரியிலிருந்து புளி ஜாடி மட்டும் கீழே இறங்காது.

முதல் நாள் முழுக்கத் துளசித் தீர்த்தத்தோடு இருந்தவருக்கு மறுநாள் காலை முதல் கவளமாகக் கசப்பைக் கொடுப்பது என்ன நியாயம் என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதுண்டு. பாயசத்தில் தொடங்கலாமே? பெரியம்மா பதில் சொன்னதில்லை. 'துவாதசிப் பாரணைன்னா அப்படித்தான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து வைத்திய நூல்களைப் புரட்டும்போதுதான் அந்த இலையில் எது எதற்காக இருந்தது என்று எனக்கு ஒரு பிடி கிடைத்தது. விரதத்தில் நம் முன்னோர் சேர்த்து வைத்த அறிவில் பெரும்பகுதி, பட்டினியிலிருந்து சோற்றுக்குத் திரும்பி வரும் வழியில்தான் இருக்கிறது. அந்த வழியைத்தான் இன்று நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொல்ல திண்டிவனத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஊரின் பெயரே புளியிலிருந்து வந்தது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம் திண்டிவனம் ஆயிற்று. ஊருக்குள் இருக்கும் சிவன் பெயரும் திந்திரிணீசுவரர்தான். சென்னையிலிருந்து வரும் சாலை நான்கு வழிச் சாலை ஆவதற்கு முன்பு, இரண்டு பக்கமும் புளியமரங்கள் கைகோத்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த ஊரின் சாப்பாட்டுக்குச் சங்க காலச் சாட்சியே உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாடப்பட்டவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு ஒட்டிய கிடங்கல். பாணன் வரும் வழியில் எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்கிறது. கடலோர எயிற்பட்டினத்தில் சுட்ட மீன். வேலூரில் வேட்டுவர் வீட்டில் புளி சேர்த்து ஆக்கிய சூடான சோறும் காட்டுப்பசுவின் இறைச்சியும். ஆமூரில் நண்டுக் கறியோடு வெண்சோறு. அரண்மனைக்கு வந்து சேர்ந்தால், மன்னன் தானே பக்கத்தில் நின்று பரிமாறுகிறான். அந்த விருந்து எப்படிச் சமைக்கப்பட்டது தெரியுமா? வீமசேனன் எழுதியதாகக் கருதப்பட்ட மடைநூலின் நெறி தவறாமல்! சமையலுக்கு ஒரு நூல் உண்டு, அதற்கு ஒரு முறை உண்டு என்ற எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு பழையது. கூடவே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தின் பழைய சாப்பாடு சைவச் சாப்பாடு அல்ல. இன்றும் பெரும்பாலான வீடுகளில் சைவம் என்பது நாள் பார்த்து வருவது.

அந்த நாளுக்கு விழுப்புரம் பக்கத்துப் பெயர் ஒருபொழுது. விரதம் என்ற சொல் அழைப்பிதழிலும் பஞ்சாங்கத்திலும்தான் அதிகம். வீட்டில் 'இன்னிக்கு ஒருபொழுதுங்க' என்பார்கள். ஒரு வேளைதான் சோறு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கிருத்திகைக்கு மயிலம் முருகனை நினைத்து ஒருபொழுது. அமாவாசைக்கு முன்னோருக்காக ஒருபொழுது. அன்று இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்கப் போகிறவர்களுக்கு அது இன்னும் நீளும். பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளி. புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, சனிக்கிழமையில் தளிகை. பாத்திரங்களை முதல் நாளே புளி போட்டு விளக்கி, வீடு மெழுகி, குளித்த ஈரத்தோடு அடுப்பு பற்றவைக்கும் அந்தக் காலை நேரம் இங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவானது. பாரணை என்ற சொல்லும் அகத்தி நெல்லி வரிசையும் பெருமாள் வீடுகளுக்கு உரியவை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் கணக்கு ஊர்ச் சொத்து. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் நூல் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 22ஆம் அத்தியாயம் லங்கனத்தைப் பேசுகிறது. உடம்பை லேசாக்கும் சிகிச்சை அது. அதில் பத்து வகை. நான்கு விதமான சுத்தி முறைகள், தாகத்தைப் பொறுத்தல், காற்று, வெயில், செரிமானம் தரும் மருந்து, உபவாசம், உடற்பயிற்சி. பட்டினி இந்தப் பத்தில் ஒன்று மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். யாருக்கு அது ஆகாது என்பதையும் வைத்தியம் சேர்த்தே சொல்லியிருக்கிறது. கர்ப்பிணி, பிள்ளை பெற்றவள், குழந்தை, முதியவர், மெலிந்தவர் இவர்களுக்கு ஊட்டம்தான் விதி.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே நூலின் சித்திஸ்தானத்தில் வரும் ஓர் உவமை. உடம்பைச் சுத்தம் செய்த பிறகு வயிற்றுத் தீ சிறு பொறியாகத்தான் இருக்கும். சிறு நெருப்பைப் புல்லும் சாணமும் இட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பதுபோல அதை வளர்க்க வேண்டும் என்கிறது. வரட்டி அடுப்பு மூட்டிய எவருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டாம். பொறி பிடித்ததும் கட்டையைத் தூக்கி வைத்தால் புகைதான் வரும். முதலில் சருகு, பிறகு வரட்டித் துண்டு, பிறகு சுள்ளி. உணவிலும் அதே வரிசைதான்: முதலில் நீர்த்த கஞ்சி, அடுத்துக் கெட்டிக் கஞ்சி, பிறகு உப்பும் நெய்யும் சேராத பயற்று ரசம், பிறகு அவை சேர்ந்தது. அந்த வரிசையின் கடைசிப் படி இறைச்சி ரசம். ஆயுர்வேதம் என்றாலே சைவம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் திகைப்பார்கள். சைவம் சமயம் கொடுத்தது. படிப்படியான வரிசை வைத்தியம் கொடுத்தது. நம் விரதச் சமையல் இரண்டும் கலந்த ஊட்டு.

இப்போது பெரியம்மாவின் இலைக்குத் திரும்புகிறேன். புளி ஏன் இல்லை? வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சுவைகளைப் பற்றிச் சொல்லும் அத்தியாயத்தில் ஒரு பொது விதி தருகிறது: புளிப்பு அநேகமாகப் பித்தத்தைக் கூட்டும். உடனே இரண்டு விலக்கும் சொல்கிறது. ஒன்று மாதுளை, மற்றது நெல்லி. ஒரு நாள் முழுக்கச் சோறு காணாத வயிற்றில் எரிச்சல் கூடியிருக்கும் என்பது அனுபவம். அந்த வயிற்றுக்குப் புளிப்பு வேண்டும், ஏனென்றால் புளிப்புத்தான் நாவில் நீரூற வைத்துப் பசியைத் தட்டி எழுப்பும். ஆனால் புளியின் சூடு ஆகாது. ஆகவே புளி வெளியே போகிறது, நெல்லி உள்ளே வருகிறது. அகத்தி குளிர்ச்சி என்றும் கைப்பு என்றும் நூல்கள் சொல்கின்றன. சுண்டைக்காயும் கைப்புதான். நெய் அந்தக் கைப்பின் வறட்சியைத் தணிக்கிறது. பாரணை வழக்கத்தை யாரோ வாக்படரைப் படித்துவிட்டு உருவாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அடுப்படியும் ஏடும் தனித்தனி வழியில் நடந்து ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு அதுவே போதும்.

இந்த வட்டாரத்தில் ஆயுர்வேதத்தைவிடச் சித்த வைத்தியத்தின் சொற்கள்தான் புழக்கத்தில் உண்டு. பத்தியம் என்றால் முதலில் தள்ளுவது புளியைத்தான். அகத்திக்கீரை மருந்தை முறித்துவிடும் என்பதும் அங்கே பால பாடம். ஆக, மருந்து சாப்பிடுகிற நாளில் விலக்கப்படும் அகத்தி, மருந்தில்லாத விரத மறுநாளில் தானே மருந்தாகிறது. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி, மோரில் தண்ணீர் கூட்டச் சொல்லும், நெய்யை உருக்கச் சொல்லும். எல்லாம் வயிற்றுச் சுமையைக் குறைக்கிற வேலை.

ஊர்ச் சொத்து என்றேனே, அது கூழ். ஆடியில் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி ஒருபொழுது இருப்பவர்கள் கூழ் வார்த்த பிறகுதான் வாயில் ஏதாவது வைப்பார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேகவிட்டு அதில் மாவை ஊற்றிக் கிளறி, ஆறியதும் மோர் விட்டுக் கரைப்பது. அடிவயிற்றைச் சுடாத, பல்லுக்கு வேலை வைக்காத, நீர்த்த உணவு. சரகர் முதல் படியில் வைத்த கஞ்சிக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வடமொழி நூல் எதுவும் எட்டிப் பார்க்காத தெருவிலும் பட்டினியை முறிப்பது கஞ்சிதான். பிற்பாடு அந்தக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு துணைக்கு வருவது வேறு கதை.

அமாவாசைப் படையலில் இன்னொரு பழைமை உறைந்து கிடக்கிறது. திதிச் சமையலில் வாழைக்காய், பாகல், அவரை, புடலை, சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல் எல்லாம் உண்டு. முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு கிடையாது. ஆசாரமான வீடுகளில் மிளகாய்க்குக்கூட இடமில்லை, காரத்துக்கு மிளகு. மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவை வருவதற்கு முந்தைய தமிழ்ச் சமையலறை எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் திதி அன்றைய இலையைப் பார்க்கலாம். திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் வளையம் கலையாமல் கல்லாகிக் கிடக்கின்றனவே, அதுபோல.

ஆனால் எல்லாம் அப்படிக் கல்லாகி நிற்கவில்லை. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை இந்தியா முழுக்கப் பரவியது. டி.எம்.வி. என்ற எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவை. சரகர் கண்ணால் பார்த்திராத, தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கடலைதான் இன்று விழுப்புரம் மாவட்டத்து வயல். வேகவைத்த கடலை ஒருபொழுதுக்கு நல்ல துணை என்றே நினைக்கிறேன். புரதம் இருக்கிறது, மென்று சாப்பிட நேரம் பிடிக்கிறது. தாளிக்க நல்லெண்ணெயா கடலெண்ணெயா என்று கேட்டால், பழைய நூல்கள் எள்ளின் பக்கம். தைலம் என்ற சொல் திலம் என்ற எள்ளிலிருந்து பிறந்தது. நம் எண்ணெயும் எள்+நெய்தான்.

ஜவ்வரிசிக் கதை வேறு விதம். சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து தயாராகும் ஜவ்வரிசி மூட்டை மூட்டையாக வடக்கே போய் மராட்டிய, குஜராத்தி வீடுகளின் ஏகாதசிக் கிச்சடி ஆகிறது. அங்கே தானியம் கூடாது, ஆகவே கிழங்கு மாவு. அது திரும்பி இங்கே வந்து, விரதப் பலகாரம் என்ற பெயரில் எண்ணெயில் பொரிந்த வடையாக ஓட்டல் பலகையில் ஏறியிருக்கிறது. ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து, மேலே எண்ணெய். காலி வயிற்றுக்கு இதைவிடக் கனமான கட்டை இல்லை. மேல்மலையனூரில் அமாவாசை இரவு ஊஞ்சல் முடிந்து பேருந்துக்குத் திரும்பும் கூட்டத்தோடு ஒருமுறை நடந்து வந்தேன். நடுநிசி தாண்டிவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்த ஒரு குடும்பம், சாலையோரக் கடையில் சூடான பஜ்ஜியும் போண்டாவும் வாங்கி நின்றுகொண்டே பத்து நிமிடத்தில் முடித்தது. அந்த அம்மாவின் கையில் இன்னும் எலுமிச்சம்பழமும் குங்குமமும் இருந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு தம்ளர் கஞ்சி கொடுக்க அங்கே ஒரு கடையும் இல்லையே என்றுதான் ஆற்றாமையாக இருந்தது. கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் வந்தது. மதியச் சோறு பல கோயில்களில் நன்றாகவே நடக்கிறது. இரவில் விரதம் முடிப்பவர்களுக்கு நீர்மோரும் நொய்க் கஞ்சியும் என்று ஓர் ஏற்பாடு இருந்தால் அதுவும் அம்மன் கைங்கரியம்தான்.

உப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விரதத்துக்கு இந்துப்பு என்று இளஞ்சிவப்புப் பொட்டலம் இப்போது கடைகளில் வந்திருக்கிறது. உப்புகளில் இந்துப்பே மேல் என்று ஆயுர்வேதம் சொல்வது உண்மை. ஆனால் அதில் போதுமான அயோடின் இல்லை. மாதம் இரண்டு நாளைக்குச் சரி. தினசரிச் சமையலையே அதற்கு மாற்றிக்கொள்வது, முன்கழுத்துக் கழலையை ஒழிக்க நாடு பட்ட பாட்டைத் திருப்பி வைப்பதாகும்.

இன்னொரு பக்கம் கைப்பேசி. 2016இல் ஜப்பானியரான யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் கிடைத்ததிலிருந்து, ஏகாதசி விரதத்துக்கே நோபல் கிடைத்துவிட்டதாக ஒரு செய்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஓசுமி ஆராய்ந்தது ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை. உணவு கிடைக்காதபோது செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் வழியை, அதை இயக்கும் மரபணுக்களை, அவர் கண்டறிந்தார். அருமையான வேலை. ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பட்டினி கிடந்தால் புற்று வராது என்று அவர் எங்கும் நிரூபிக்கவில்லை. இந்தச் செய்தியை நம்பி, இன்சுலின் போட்டுக்கொள்பவரும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரும் சோற்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டல் என்று வந்தால் அது பக்திப் பரவசம் இல்லை, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது. அந்த நேரத்தில் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட வேண்டும். விரதத்தைப் பற்றி யோசிக்கக் கூடாது. இப்படிப்பட்டவர்கள் ஒருபொழுதுக்கு முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

எப்படிச் சாப்பிடுவது என்பதற்கும் நூல்களில் இடம் உண்டு. சரகரின் விமானஸ்தானம் முதல் அத்தியாயத்திலேயே, சூடாக, நெய்ப்போடு, அளவாக, முன் உண்டது செரித்த பிறகு, அவசரமும் இழுப்பும் இல்லாமல், பேசாமல் சிரிக்காமல், மனம் இலையில் இருக்கச் சாப்பிடு என்று வருகிறது. வாக்படர் வயிற்றை நான்கு பங்காக்குகிறார்: இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்று உலவ. வள்ளுவர் மருந்துக்கு என்று எழுதிய 95ஆம் அதிகாரத்திலும், முன்பு உண்டது அற்றதா என்று தெரிந்து உண்பது இரண்டாம் குறளிலேயே வந்துவிடுகிறது. மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் இன்று கவனத்தோடு உண்ணுதல் என்று வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள். நம் வீடுகளில் அந்த வேலையைக் காக்கை செய்தது. அமாவாசை மதியம், பசி உச்சிக்கு ஏறிய நேரத்தில், முதல் பிடி சோற்றை மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். அது வந்து எடுத்த பிறகுதான் இலை. சில நாள் உடனே வரும். சில நாள் எதிர் மரத்தில் உட்கார்ந்துகொண்டு வராது. அந்தக் கால் மணி நேரத்தில் சோற்றின் ஆவி அடங்கும், பசியின் ஆத்திரமும் அடங்கும். பிறகு இலை முன் உட்காரும் கை வேறு மாதிரி நடக்கும். பிசையும், உருட்டும், நிதானமாக வாய்க்குப் போகும்.

போன மாதம் விழுப்புரம் சந்தையில் அகத்தி தேடினேன். அன்று அமாவாசை. கோயில் பசுவுக்குக் கொடுக்க என்று கீரைக்காரம்மா கட்டுக் கட்டாகக் குவித்திருந்தார். ஒன்றை எடுத்தேன். "மாட்டுக்கா, வூட்டுக்கா?" என்றார். வீட்டுக்கு என்றதும் கையிலிருந்ததை வாங்கித் திரும்பக் குவியலில் போட்டார். அது முற்றல், மாடுதான் தின்னும் என்றார். கோணிக்கு அடியிலிருந்து ஈரத்துணி சுற்றிய சின்னக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, கொழுந்தைக் கிள்ளிக் காட்டினார். "பாசிப்பருப்பு போட்டு ஆக்குங்க. புளி ஊத்திடாதீங்க."